தொட்டி இல்லாமல் வெந்நீர் வருவது எப்படி?

வீட்டில் தொட்டி உள்ள பழைய வாட்டர் ஹீட்டர் பழுதாகிவிட்டது. அதற்குப் பதில் தொட்டி இல்லாத சிறிய ஹீட்டர் போதுமா? அறிவியல் பாடத்தில் படித்ததை வைத்தே விடை காணலாம்.

தொட்டி உள்ள ஹீட்டர் நீரை முன்கூட்டியே சூடாக்கிச் சேமித்து வைக்கிறது. யாரும் குளிக்காதபோதும் அந்த வெப்பம் சிறிது சிறிதாக வெளியேறும். சுவிட்ச் போட்டபடியே இருந்தால், இழந்த வெப்பத்தை ஈடுகட்ட மின்சாரம் செலவாகும். தொட்டி இல்லாத ஹீட்டரோ நீர் ஓடும்போது மட்டுமே இயங்கும்.

ஆனால், ஓடும் நீரை அந்த நொடியிலேயே சூடாக்க வேண்டுமே! ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. சிங்கப்பூரில் குழாய்நீர் ஏறக்குறைய 28 டிகிரியில் வருகிறது என்று கொள்வோம். குளிக்க 39 டிகிரி போதும். உயர வேண்டியது 11 டிகிரிதான். நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடினால்:

4 × 4.2 × 11 = சுமார் 185 கிலோஜூல்

இதை 60 நொடிகளால் வகுத்தால் 3.1 கிலோவாட். குழாய்நீர் 5 டிகிரியில் வரும் குளிர்நாட்டில் இதே குளியலுக்கு 9.5 கிலோவாட் தேவைப்படும். நம் வெப்பமான வானிலையே பாதிக்கும் மேற்பட்ட வேலையைச் செய்துவிடுகிறது!

குழாயை அதிகம் திறந்தால் அதே வெப்பம் கூடுதல் நீருக்குப் பங்கிடப்படும், சூடு குறையும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 3,100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 13.5 ஆம்பியர். சாதாரண பிளக்கின் வரம்பு 13 ஆம்பியர்தான். எனவே, இதற்குத் தனி மின்சுற்று வேண்டும். பழைய கம்பி புதிய ஹீட்டரைத் தாங்குமா என்று உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பிறகே மாற்ற வேண்டும்.