எறும்பை நிறுத்தினால் குளவி வரும்

மாதவரம் பால்பண்ணைப் பக்கம் வாசலில் செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் கொழுந்து சுருளும். காம்பிலும் மொட்டிலும் வெள்ளை அப்பிக்கொள்ளும். உடனே மருந்து வாங்கி அடிக்கிறோம். அந்த வெள்ளை, பூச்சி தானே சுரந்து போர்த்திக்கொண்ட மெழுகு. தண்ணீரில் கலந்த மருந்து அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டைகளும் மெழுகுப் பஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும். சாவது பெரும்பாலும் மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பூச்சிகள்தான்.

தமிழ்நாடு இதைப் பெரும் நட்டத்தில் கற்றுக்கொண்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. அங்கே அதை அடக்கிவைத்த எதிரிகள் இங்கே இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் பரவியது. மல்பெரி விவசாயிகளின் நிலை இன்னும் கொடுமை: மருந்து அடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் சாகும்.

2010இல் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. மூன்றில் நன்றாக ஊன்றிக்கொண்டது அசிரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி, நம்மைக் கொட்டாது. பெண் குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். பொரிந்த புழு உள்ளிருந்தே தின்னும். மாவுப்பூச்சி காய்ந்து வெறும் கூடாகும். அதில் வட்டமாகத் துளை போட்டுப் புதிய குளவி வெளியேறும். எந்த மருந்துக்கும் அடங்காத பூச்சி சில மாதங்களில் அடங்கியது. நம் வேளாண் அறிவியலின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இதைத்தான் சொல்வேன்.

வீட்டுத் தோட்டத்தில் இந்த வேலை நடக்க, முதலில் எறும்பை நிறுத்த வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று குளவியை விரட்டும். அடித்தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். பிறகு ஹோஸ் பைப்பில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதிப் பூச்சி உதிர்ந்துவிடும். மிஞ்சிய இடத்தில் மட்டும், மாலை நேரத்தில், சோப்புக் கரைசல் சேர்த்த வேப்பெண்ணெய் போதும்.

யூரியாவைக் குறையுங்கள். தழைச்சத்து மிஞ்சிய மெத்தென்ற கொழுந்தைத்தான் சாறுறிஞ்சிகள் தேடி வரும். கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கும் மாதவரத்தில் அதற்குப் பதிலாக மக்கிய சாணம் தேடுவது கடினமல்ல.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்று உண்டு, பெயர் கிரிப்டோலேமஸ். அதன் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருப்பதால் பலர் நசுக்கிவிடுகிறார்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். இந்தப் புழு அதைவிடப் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு, விறுவிறுவென்று ஊர்ந்து இரை தேடும். அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.