இறுகிப்போன பிரஷ் எதற்கு இளகும்?

மார்கழியில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை குரங்கணியில் தொடங்கிவிடும். பரணில் போட்டிருந்த போன வருஷத்து பிரஷை எடுத்துத் தரையில் தட்டினால் 'டக் டக்' என்று கட்டைபோல் சத்தம் வரும். புதிது வாங்கப் போடிக்கு இறங்க வேண்டும், போக மட்டுமே சுமார் 16 கிலோமீட்டர். அதற்குமுன் அடுக்களையை ஒருமுறை துழாவிப் பார்க்கலாம். பிரஷ் எதில் இறுகியது என்று தெரிந்தால் போதும். சுண்ணாம்பு, எமல்ஷன், எனாமல் மூன்றையும் 'காய்ந்துவிட்டது' என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றும் இறுகும் விதம் வேறு வேறு.

முதலில் சுண்ணாம்பு மட்டை. தாழை விழுதின் நுனியைத் தட்டி நாராக்கியது, அல்லது பனைநாரில் கட்டியது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுடும்போது கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்து மறுபடி கல்லாகிறது. மட்டையில் தங்கியதும் அப்படித்தான். அதன்மேல் வினிகரை ஊற்றிக் காதை அருகே கொண்டுபோனால் மெல்லிய 'சர்ர்' கேட்கும். நாருக்கு நார் குமிழிகள் முத்துமுத்தாய்க் கிளம்பும். போன பொங்கலிலிருந்து நம் முற்றத்துக் காற்றில் பிடித்துவைத்த வாயு, இப்போது விடுபட்டுப் போகிறது!

புளி ஏன் கூடாது என்று கேட்கலாம். புளியின் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத உப்பு உண்டாகி, அதுவே நாரில் படிந்துகொள்ளும். எலுமிச்சைக்கும் ஏறக்குறைய இதே கதி. வினிகரின் அசிட்டிக் அமிலம் தரும் உப்போ தண்ணீரோடு கழுவிக்கொண்டு போய்விடும். இத்தனைக்கும் கடை வினிகரில் அந்த அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான்.

எமல்ஷன் கதை இன்னும் விசித்திரமானது. டப்பாவுக்குள் இருப்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். ஒரு தலைமுடியின் குறுக்கே சுமார் 500 உருண்டைகளை வரிசையாக வைக்கலாம். ஒவ்வொன்றும் பலபடியால் ஆனது; அதாவது சின்ன மூலக்கூறுகள் மணிமாலையாய்க் கோத்துக்கொண்ட நீளச் சங்கிலி. தண்ணீர் ஆவியானதும் உருண்டைகள் நெருங்கி, ஆறிய பாயசத்து ஜவ்வரிசிபோல் ஒன்றோடொன்று ஒட்டிச் சவ்வாகின்றன. அதற்குப்பின் எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் பிரியாது. மழைக்குக் கரையாமல் சுவரில் நிற்பதும் இதனால்தான்.

இந்தச் சவ்வைக் கரைக்க முடியாவிட்டாலும் இளக்கலாம். வினிகரைச் சுடவைத்து, கொதிவந்ததும் இறக்கி, பிரஷை அரைமணி நேரம் முக்கிவையுங்கள். சூட்டில் சங்கிலிகள் நெகிழும். அமிலம் இடையில் புகுந்து சவ்வை ஊதவைக்கும். பெயிண்டில் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் அதையும் அரிக்கும். கொதி நிலையிலேயே நிறுத்த வேண்டியதில்லை. குரங்கணியிலிருந்து ஏறினால் வரும் கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அந்தச் சூடே தாராளம்.

பிரஷ் பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. கைப்பிடியில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். நல்ல பிரஷின் உயிர் நுனியில்தான் இருக்கிறது. பன்றிமயிரைக் கண்ணருகே பிடித்தால் ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்திருப்பது தெரியும். பெயிண்டைப் பிடித்துவைத்து, கோடு விழாமல் சுவரில் விடுவது அந்தப் பிளவுகள்தான். நுனி மடங்கினால் பிரஷ் போயிற்று. இளகிய பெயிண்டைப் பழைய சீப்பால், தகரப் பட்டையிலிருந்து நுனி நோக்கி மட்டும் வாருங்கள். சமையல் பாத்திரத்தையும் அலுமினியத்தையும் தவிருங்கள். நெடி ஏறும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல்தான் பிடிவாதக்காரன். அதிலுள்ள எண்ணெய்ப் பசை காற்றின் ஆக்சிஜனை வாங்கி, சங்கிலிக்குச் சங்கிலி முடிச்சுப் போட்டு வலையாகிவிடுகிறது. வடைச்சட்டியின் வெளிப்பக்கம் மஞ்சளாய் ஏறி, தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறை இருக்கிறதே, அதன் சொந்தக்காரன் இது. ஈரத்தில் தின்னர் கரைத்துவிடும். வலை பின்னியபின் அதன் பாச்சா பலிக்காது. சலவைச் சோடா கரைத்த வெந்நீர்தான் முடிச்சுகளை மெல்ல அறுக்கும், எண்ணெயைச் சோப்பாக்கும் அதே வேலை. ஆனால் பன்றிமயிரும் நம் தலைமுடியும் ஒரே புரதம். சோடா அதையும் தின்றுவிடும். அதனால் இந்த வைத்தியம் நைலான் பிரஷுக்கு மட்டும். தின்னரையோ மண்ணெண்ணெயையோ அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது.

மீண்ட பிரஷைச் சோப்புத் தண்ணீரில் அலசி உதறி, விரலால் நீவி நேராக்கி, ஈரத்தோடு செய்தித்தாளில் சுற்றி ஆணியில் தலைகீழாக மாட்டுங்கள். மறுநாள் காகிதத்தைப் பிரித்து நுனியைப் புறங்கையில் தடவினால் பூனைவால் பட்டதுபோல் கூசும்.