ஊரில் உறங்கும் மோட்டார் சைக்கிள்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் சங்கத்து அன்பர்களுள் பலர், பெட்டி படுக்கைகளை இறக்கிப் பெரியவர்களை வணங்கிக் காப்பி அருந்திய கையோடு, மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் சாக்குப் போர்த்தி நிற்கும் மோட்டார் சைக்கிளை நோக்கி நடப்பது வழக்கம். பதினொரு மாதம் அசையாமல் நின்ற வண்டியைப் பத்து முறை மிதிப்பார்கள். இருபது முறை மிதிப்பார்கள். உடுத்திய வேட்டி வியர்வையில் நனையும். வண்டியோ ஒரு கனைப்புக்கூடக் கனைக்காது. "இதன் ஆயுள் முடிந்தது" என்று அண்டை வீட்டார் ஒருவர் சொல்லிவிடுவார். மறுவாரம் பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் நிற்பார். இவ்வாறு எடைக்குப் போன நல்ல வண்டிகள் எத்தனையோ! அவற்றுட் பலவற்றிற்கு வந்த நோய் மயிரிழையை ஒத்த ஒரு துளையில் படிந்த பிசின் மட்டுமே என்பதை அனுபவத்தால் அறிந்தமையால் இதனை எழுத முற்பட்டேன்.

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில், நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த நல்லேப்பிள்ளி எங்கள் ஊர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கும் எல்லைப் பகுதி அது. என் தந்தையார் 1988ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட் வண்டியில்தான் வயலுக்கும் சந்தைக்கும் போய் வந்தார். அவர் காலமான பின் வண்டி மூன்றாண்டுகள் கொட்டிலிலேயே நின்றது. தமையனார் ஒருபுறமும் நான் ஒருபுறமும் பிழைப்பை நாடி வெளியூர் சென்றுவிட்டோம். சென்ற முறை நான் ஊருக்குப் போனபோது, விற்றுவிடலாம் என்று தமையனார் கடிதம் போலவே நீண்டதொரு செய்தியைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். அம்மா மட்டும், "அப்பா வண்டியை இரும்புக் கடைக்கா குடுக்கப் போறேள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இருந்த விடுமுறை இருபத்தொரு நாள்.

புல்லட் வண்டியின் வரலாறும் நம்மவர்க்குப் புறம்பானதன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் இதனை உருவாக்கத் தொடங்கின. 1970ஆம் ஆண்டளவில் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர் வண்டி நிற்காமல் ஓடியது. ஆகவே அதன் உதிரிப் பாகங்கள் கோயம்புத்தூரில் தேடினால் இன்றும் அகப்படுகின்றன. பழைய வண்டி வைத்திருப்போர்க்கு இஃது ஒரு பெரும் ஆறுதல்.

இனி நோய்க்கு வருவோம். பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை இன்ஜினில் நன்கு எரியாது. அது நுண்ணிய தூவலாகி, ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிராம் காற்று என்னும் அளவில் கலக்க வேண்டும். அக்கலவையைச் செய்து கொடுப்பதே கார்புரேட்டர். புடாபெஸ்டு நகரத்தில் டோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவர் 1893ஆம் ஆண்டில் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். அதே காலத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் என்பவரும் இதனைத் தனியே கண்டமைத்தார். தத்துவம் எளிது. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அக்காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைகிறது. விரையும் இடத்தில் அழுத்தம் குறைகின்றமையால், அடியிலுள்ள கிண்ணத்துப் பெட்ரோல் 'ஜெட்' எனப்படும் பித்தளைத் துளையின் வழியே மேலெழுந்து தூவப்படுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு ஒரு மிதவையும் ஊசி வால்வும் உண்டு. நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவைப் பந்து செய்யும் வேலைதான் அது.

ஜெட்டுகள் இரண்டு. வேகமாக ஓடுவதற்குப் பெரியது. நின்ற இடத்தில் மெல்ல முனகுவதற்கும் புறப்படுவதற்கும் சிறியது. இச்சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிண்ணத்தில் விட்டுவைத்த பெட்ரோலில் இலேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து, பலாப்பிசின் போல் ஒட்டும் ஒரு பழுப்பு வார்னிஷாக இறுகிப் போகிறது. அது முதலில் அடைப்பது சிறிய ஜெட்டையே. சோக்கை இழுத்தால் வண்டி ஒரு நொடி உயிர் பெற்று, சோக்கை விட்டவுடன் அணைந்து போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இக்காலத்தில் மற்றொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. 2023ஆம் ஆண்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் அறிமுகமாகிப் பின்னர் எங்கும் பரவியது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். சித்தூர்ப் பக்கம் கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க மழை குறைவுதான். ஆயினும் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயின் வழியே வீசும் காற்று ஈரத்தைக் கொட்டில்வரை கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. இரும்புத் தொட்டி துருப்பிடிப்பதும், கார்புரேட்டர்க் கிண்ணத்தில் சுண்ணாம்பு போல் வெண்பொடி பூப்பதும் அதனால்தான். பழைய ரப்பர்க் குழாய்களும் எத்தனால் பட்டு உப்பி வெடிக்கும்.

எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டுவதில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பலமுறை மிதித்த பின்னும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி வருகிறது, அல்லது தீப்பொறி இல்லை. காற்று வடிகட்டிப் பெட்டியையும் திறந்து பார்ப்பது நலம். எங்கள் வண்டியில் ஓர் எலிக் குடும்பம் தேங்காய் நாரால் அழகான மெத்தை அமைத்து அங்கே குடியிருந்தது! பிளக் உலர்ந்தே இருந்தது. பெட்ரோல் டேப்பைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகத் துருநீர் வந்தது. அதன் நாற்றமும் பெட்ரோல் நாற்றமன்று, பழைய சாயப் புட்டியின் புளித்த நாற்றம்.

அருகிலிருந்த பட்டறை ஒன்றில் கேட்டேன். "பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது போடுங்கள், பத்து நாள் ஆகும்" என்று விடை வந்தது. அந்த இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்து, புதிய மோட்டார் சைக்கிள்கள் ஊசிமுறை எரிபொருள் அமைப்புக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரைக் கழுவப் பழகும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே? ஆதலால் நானே துணிந்து இறங்கினேன். துணிவு இருந்த அளவுக்கு அறிவு இல்லை என்பது விரைவில் விளங்கியது.

கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகள் மென்மையானவை. பொருந்தாத திருப்புளியை வைத்து முறுக்கியதில் ஒன்றின் தலை சிதைந்தது. முன்னாள் இரவே அவற்றில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் இது நேர்ந்திராது. உள்ளே கிண்ணத்தின் அடியில் கருப்பட்டிப் பாகு போன்ற ஒரு படிவம். சிறிய ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்; ஒளி ஊடுருவவில்லை. அம்மாவின் தையல் ஊசியை எடுத்துத் துளையில் குத்தினேன். அதுவே நான் செய்த பெரும்பிழை. எஃகு ஊசி பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும். பின்னர் வண்டி ஓடியபோது கரும்புகை கக்கியதும், பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்ததும் அதன் பயன். முடிவில் கோயம்புத்தூர் சென்று புது ஜெட் வாங்கி வந்தேன். மின்சார ஒயரினுள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்து நுழைத்தல் தகும். அதனினும் சிறந்தது, கார்புரேட்டர் கழுவும் மருந்தில் ஊறவைத்துச் சைக்கிள் கடையின் காற்றுப் பம்பினால் ஊதுதல். ஜெட்டை மட்டுமன்றி அதன் பின்னேயுள்ள வழிகளையும் ஊத வேண்டும். அம்மருந்தில் ரப்பர் வளையங்களைப் போடலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி அணியவேண்டும். பித்தளைப் பாத்திரத்திற்குப் புளி போடுவதுபோல் இதற்கும் போடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். புளியின் அமிலம் கார்புரேட்டர் உடலின் கலப்பு உலோகத்தை அரித்துவிடும், கேளாதீர்கள்.

பக்கவாட்டில் உள்ள காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன், அதனை மெல்ல உள்ளே முறுக்கி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டுகையில் அவ்வளவே வெளியே திருப்பினால் பழைய நிலை கிட்டும். மிதவையைக் காதருகே அசைத்துப் பார்த்து, உள்ளே பெட்ரோல் புகுந்து குலுங்குகிறதா என்று அறியவேண்டும். ஊசி வால்வின் நுனியில் தழும்பு விழுந்திருந்தால் மாற்றிவிடுதல் நன்று. இல்லையேல் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று மாலை நான் திண்ணைக்குக் கீழே ஒரு தட்டில் பெட்ரோல் வைத்துப் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. வாசலில் வைப்பதற்காக அம்மா விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள். நான் போட்ட கூச்சலில் அவள் நடுங்கி நின்றுவிட்டாள். பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றும் ஆவியை எழுப்புவது. அவ்வாவி காற்றைவிடக் கனமாதலால் தரையோடு ஊர்ந்து பல அடி தூரம் சென்று நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அம்மா இன்னும் நான்கடி வந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. பட்டப்பகலில், திறந்த முற்றத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் மின் சுவிட்சுக்கும் அப்பால் செய்க. பிளக்கின் பொறியைச் சோதிக்கும்போதும் பக்கத்தில் பெட்ரோல் தட்டு இருத்தலாகாது.

தொட்டியைக் கழற்றித் துருவை அலசி, டேப்பின் சல்லடையைத் துலக்கி, புதுக் குழாயும் புது எண்ணெயும் இட்டுப் பதினாறாம் நாள் காலையில் வண்டியை முற்றத்தில் நிறுத்தினேன். தந்தையார் செய்வது நினைவுக்கு வந்தது. சாவியைத் திருப்பி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதித்து, டிகம்பிரஷரை அழுத்திச் சிறிது தள்ளி, பிறகு ஒரே மிதி. நான்காம் மிதியில் அந்தப் பழைய முழக்கம் எழுந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரம் துலக்கும் ஓசை மட்டும் நின்றது. தமையனார்க்கு நான் எதுவும் எழுதவில்லை. அந்த ஓசையைப் பதிவு செய்து அனுப்பினேன். விற்பதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

உடனே சாலையில் ஓட்டிவிட முடியவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்சும் புகைச் சான்றும் வேண்டும். அவற்றுக்கே எஞ்சிய நாட்கள் சரியாயிருந்தன.

புறப்படுவதற்கு முன்னாள் அரை மணி நேரம் செலவிட்டேன். பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டேன். கிண்ணத்தின் அடித் திருகாணியைத் திறந்து எஞ்சிய துளிகளையும் வடித்தேன். தொட்டியை முற்றும் காலி செய்து உள்ளே எண்ணெய் பூசினேன். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மெல்ல இரண்டு மிதி மிதித்து மூடினேன். பாட்டரி இணைப்பைப் பிரித்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். புகைக்குழாய் வாயில் குளவி கூடு கட்டாமலிருக்க ஒரு துணியைத் திணித்து, அத்துணியின் நுனியில் சிவப்பு நாடா கட்டித் தொங்கவிட்டேன். எடுக்க மறந்து மிதித்தால் என் பாடு திண்டாட்டம் அன்றோ?

இவ்வாண்டு விடுமுறையில் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். ஜெட் புத்தம் புதிதாய் மின்னியது. புதுப் பெட்ரோல் ஊற்றி, துணியை உருவி, மூன்றாம் மிதியில் வண்டி கிளம்பியது. அம்மா பின்னால் ஏறிக்கொண்டு, சித்தூருக்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்றாள்.