பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் கல்லறை

கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மண்டபம் இருக்கிறது. 1693-ல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அந்த நகரத்தையே நிறுவியவர் என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. அவர் கல்லறையில் பதித்த கல் வங்காளத்துக் கல் அல்ல. சென்னையில் தாம்பரம் ரயிலில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடக்கிற பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்!

இதைக் கண்டறிந்தவர் தாமஸ் ஹாலண்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். 1893-ல் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். கருங்கல் சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்தால் அதற்குள்ளும் வெளிச்சம் புகும். நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பினால், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். திசைக்கேற்ப நிறம் மாறும் இந்தக் குணத்துக்குப் பன்னிறமை என்று பெயர். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பாருடன் ஹைப்பர்ஸ்தீனும் சேர்ந்த இந்தப் பாறைக்கு, கல்லறைக்காரரின் பெயரையே வைத்துவிட்டார்: சார்னோகைட். சார்னாக் கல்லைப் பற்றி என்ன கண்டார்!

ஹைப்பர்ஸ்தீன் சும்மா உருவாவதில்லை. சாதாரணப் பாறைகளில் அப்பிரகம் போன்ற கனிமங்களுக்குள் நீர் சிறைப்பட்டிருக்கும். ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் அந்த நீர் வெளியேறி, வறண்ட கனிமங்கள் பிறக்கின்றன. அந்தச் சூடும் அதற்கேற்ற அழுத்தமும் நிலத்துக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டரில் கிடைக்கும். கடற்கரை – தாம்பரம் ரயில் பாதை 29 கிலோமீட்டர். அதைச் செங்குத்தாகப் பூமிக்குள் இறக்கினால் கிட்டத்தட்ட அந்த ஆழம். இது நடந்து 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேலே கிடந்ததெல்லாம் அரித்துப்போய், அடித்தளம் இன்று மலையாக நிற்கிறது.

இத்தனை கடினமான கல்லைத்தான் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைந்து கோயிலாக்கினான். இன்று அது தர்கா. மன்னனின் பட்டப்பெயர்கள் இன்னும் கல்லில் இருக்கின்றன. எப்படிக் குடைந்தார்கள்? மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகள் காட்டிக்கொடுக்கின்றன. பாறை முகப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களைச் சுற்றி உளியால் பள்ளம் எடுத்து, நடுவில் துருத்தி நிற்கும் மேட்டைத் தட்டிப் பெயர்த்தார்கள். பிறகு அடுத்த அடுக்கு. ஒரு தூணின் இடத்தில் கை தவறினால் ஒட்டவைக்க வழி கிடையாது.

பல்லாவரத்தின் இன்னொரு பிரமுகர் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று இங்கே ஒரு சரளைக் குழியில் அவர் எடுத்த கைக்கோடரிதான், இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததற்குக் கிடைத்த முதல் சான்று. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோடரி சார்னோகைட் அல்ல, குவார்ட்சைட். தட்டினால் கூரிய விளிம்போடு சில்லு பெயரும் கல் எது என்று அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

பரங்கிமலைச் சார்னோகைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பார்க்க அங்கேதான் போகவேண்டும் என்றில்லை. திரிசூலம், பல்லாவரம் பக்கம் புதிதாக உடைந்த கருங்கல் கிடைத்தால் வெயிலில் பிடித்துப் பாருங்கள்: எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் கரும்பரப்பில் நீலச்சாயலோடு தெரியும் துகள்கள் குவார்ட்ஸ்.