வெள்ளித்திரையில் சுல்தான் ஸலாஹுத்தீன்: புகழ்ச்சியும் வரலாறும்

வரலாற்று நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்ட திரைப்படங்களில் இஸ்லாமும் முஸ்லிம்களும் இழிவாகக் காட்டப்படும்போது நம்மவர்கள் வெகுண்டெழுகின்றனர். 'இது வரலாற்றுத் திரிபு' என்று கண்டனம் எழுப்புகின்றனர். அது முறையானதே. ஆனால் நம் முன்னோர் ஒருவரைத் திரைப்படம் புகழ்ந்து காட்டும்போது, 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று எத்தனை பேர் கேட்கின்றனர்? புகழ்ச்சியிலும் பொய் கலக்கலாம். கலந்தால் அதனாலும் இழப்பு உண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களைச் சிறப்பித்துக் காட்டிய இரு திரைப்படங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 2005ஆம் ஆண்டு ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் வெளிவந்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' என்னும் ஆங்கிலப் படம். கிபி 1187இல் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்ட நிகழ்ச்சியே அதன் உச்சம். சிரியா நாட்டு நடிகர் கஸ்ஸான் மஸ்ஊத் சுல்தானாக நடித்தார். கண்ணியமும் நிதானமும் மிக்கவராக அவர் காட்டப்பட்டதால் முஸ்லிம் நாடுகளிலும் அப்படம் நல்ல வரவேற்பைப் பெற்றது.

அப்படத்தின் கதாநாயகன் பாலியன். பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் இரும்படிக்கும் கொல்லராக, ஒரு பிரபுவின் முறைகேடான மகனாக அவர் அறிமுகமாகிறார். பின்னர் ஜெருசலம் சென்று, இளவரசி சிபில்லாவின் காதலைப் பெற்று, நகரைக் காத்து, இறுதியில் அவளுடன் ஊர் திரும்புகிறார். வரலாற்றில் வாழ்ந்த பாலியனோ, சிலுவைப் போராளிகள் கிழக்கே நிறுவிய அரசில் பிறந்து வளர்ந்த பிரபு. 1177இல் அவர் மணந்துகொண்டது மறைந்த அரசர் அமால்ரிக்கின் கைம்பெண்ணான மரியா கொம்னேனாவை. அதாவது, திரைப்படம் யாரை அவருடைய காதலியாக்கியதோ அந்தச் சிபில்லாவின் மாற்றாந்தாயே அவருடைய மனைவி! சிபில்லாவும் கணவர் கையைக் கைவிட்டவள் அல்லள். 1186இல் தன் கையாலேயே அவருக்கு முடிசூட்டினாள்; 1190இல் அக்கா என்னும் கடற்கரை நகரின் முற்றுகையின்போது, பாசறையில் பரவிய நோய்க்கு இரையானாள்.

இவை மேற்கத்தியர் தம் வரலாற்றில் செய்துகொண்ட மாற்றங்கள் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் கற்பனை அத்துடன் நிற்கவில்லை. ரெனால்டு என்னும் பிரபு முஸ்லிம் வணிகக் கூட்டத்தைத் தாக்கி, சுல்தானின் சகோதரியைக் கொன்றதாகவும், அதுவே போருக்கு உடனடிக் காரணமானதாகவும் படம் காட்டுகிறது. ரெனால்டு வணிகக் கூட்டத்தைத் தாக்கியது உண்மை. ஆனால் அதில் சுல்தானின் சகோதரி சிக்கியதாக அக்கால அரபு வரலாற்றாசிரியர்களான இப்னுல் அஸீரோ இமாதுத்தீன் அல்-இஸ்ஃபஹானீயோ குறிப்பிடவில்லை. அக்கதை பிற்கால பிரெஞ்சு நூல்களின் வழியே பரவியது. அவர்கள் எழுதிவைத்த காரணம் வேறு: போர்நிறுத்த ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போதே ரெனால்டு அதனை முறித்தார்; கைப்பற்றியவற்றைத் திருப்பித் தருமாறு கேட்கப்பட்டபோது மறுத்தார். வாக்குறுதி முறிக்கப்பட்டதற்காக எழுந்த போரைத் திரைப்படம் சொந்தக் குடும்பத்துப் பழிவாங்கலாகச் சுருக்கிவிடுகிறது. இது சுல்தானின் தகுதியை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

அடுத்து, படம் விட்டுவிட்ட ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1187 ஜூலையில் நடந்த ஹத்தீன் போரில் பாலியனும் கலந்துகொண்டார். தோல்விக்குப் பின் தப்பி, ஸூர் நகருக்குச் சென்றார். ஜெருசலத்தில் சிக்கியிருந்த மனைவி மக்களை அழைத்துவர அனுமதி வேண்டி சுல்தானுக்குச் செய்தி அனுப்பினார். ஆயுதம் ஏந்துவதில்லை, ஓரிரவே தங்குவது என்ற நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. ஆனால் நகரத்தார் அவரைப் போகவிடவில்லை. தங்களுக்குத் தலைமையேற்குமாறு வற்புறுத்தினர். செய்த சத்தியத்திலிருந்து தம்மை விடுவிக்குமாறு பாலியன் சுல்தானுக்கே எழுதினார். சுல்தான் விடுவித்தார். அத்துடன், தம்மை எதிர்த்துப் போரிடப் போகும் அவருடைய மனைவி மக்களைக் காவலர் துணையுடன் பாதுகாப்பாக வெளியேற்றியும் வைத்தார். இதனை எழுதிவைத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். பழைய பிரெஞ்சு மொழியில் வரலாறு எழுதிய கிறித்தவர்கள். எதிர்த் தரப்பின் இத்தகைய சான்று கையிலிருந்தும் படம் அதனைப் பயன்படுத்தவில்லை. பாலியனைப் பிரான்சிலிருந்து வந்த கொல்லராக்கியதால் மரியாவுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பொய்யான காதலுக்காக உண்மையான பெருந்தன்மை பலியிடப்பட்டது.

நகரம் சரணடைந்த காட்சியிலும் இதே நிலைதான். நகர மக்கள் அனைவரையும் எவ்விதப் பணமுமின்றிப் போகவிடுவதாகத் திரையில் சுல்தான் வாக்களிக்கிறார். உண்மையில், ஹிஜ்ரி 583 ரஜப் 27 (1187 அக்டோபர் 2) அன்று நகரம் ஒப்படைக்கப்பட்டபோது மீட்புத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 2. தவணை 40 நாட்கள். ஏழைகளுக்காக மொத்தமாக 30,000 தீனார் செலுத்தப்பட்டது. அதன் பிறகும் தொகை செலுத்த இயலாத சுமார் 15,000 முதல் 16,000 பேர் வரை சிறைப்பட்டனர் என்பதையும் நம் வரலாற்றாசிரியர்கள் மறைக்காமல் எழுதியுள்ளனர். அக்காலப் போர் வழக்கம் அது. 1099இல் அதே நகரைக் கைப்பற்றிய சிலுவைப் போராளிகள் மக்களைக் கொன்று குவித்ததை நினைவில் கொண்டால்தான் 1187இன் மதிப்பு விளங்கும்.

அந்த நாற்பது நாட்களில் நடந்தவை இன்னும் கவனிக்கத்தக்கவை. சுல்தானின் சகோதரர் அல்-ஆதில் தமக்கு ஆயிரம் கைதிகளைத் தருமாறு கேட்டுப் பெற்று, அனைவரையும் விடுதலை செய்தார். தலைமைப் பாதிரியார் தேவாலயச் செல்வங்களைச் சுமந்துகொண்டு வெளியேறியபோது, 'அவற்றைப் பறிமுதல் செய்யலாமே' என்று சிலர் ஆலோசனை கூறினர். சுல்தான் வாக்கு மீற மறுத்து, அவரிடமும் எல்லோரையும் போல 10 தீனார் மட்டுமே பெற்றுக்கொண்டார். விலையே இல்லாத விடுதலையில் இத்தகைய கருணைக்கும் வாக்குறுதி காத்தலுக்கும் ஏது இடம்? கணக்கு உண்மையாக இருந்தால்தான் அதில் செய்யப்பட்ட தள்ளுபடியும் உண்மையாகத் தெரியும்.

இத்தகைய மாற்றங்களை மேற்கத்தியர் மட்டுமே செய்கின்றனர் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது படம் எகிப்தில் எடுக்கப்பட்டது. யூசுஃப் ஷாஹீன் இயக்கிய 'அந்-நாஸிர் ஸலாஹுத்தீன்' 1963இல் வெளிவந்தது. அதிபர் ஜமால் அப்துந் நாஸிரின் ஆட்சிக் காலம் அது. அரபு தேசியம் ஓங்கி ஒலித்த நேரம். தக்ரீத் நகரில் குர்து குடும்பத்தில் பிறந்த சுல்தான், படத்தில் அரபு ஒற்றுமைக்கான தலைவராகத் தோன்றினார். வாழ்நாளில் நேருக்கு நேர் சந்தித்தே இராத அவரும் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டும் திரையில் சந்தித்துக்கொண்டனர்.

அப்படத்தில் ஈஸா அல்-அவ்வாம் என்றொரு பாத்திரம் உண்டு. சுல்தானின் படையில் பணியாற்றும் அரபுக் கிறித்தவராகவும், சிலுவைப் படைப் பெண் ஒருத்தியைக் காதலிப்பவராகவும் அவர் காட்டப்படுகிறார். அரபு நாட்டின் இரு சமயத்தாரும் ஒன்றே என்று உணர்த்துவது இயக்குநரின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் ஈஸா கற்பனை மனிதர் அல்லர். சுல்தானுடன் இருந்து வரலாறு எழுதிய காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், அவரை முஸ்லிம் நீச்சல் வீரராகக் குறிப்பிடுகிறார். அக்கா நகர் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, எதிரிக் கப்பல்களுக்கு அடியில் இரவில் நீந்திச் சென்று, உள்ளிருந்த படையினருக்குக் கடிதங்களும் பணமும் சேர்ப்பது அவருடைய பணி. ஓர் இரவு 1,000 தீனாரையும் கடிதங்களையும் இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததும் பறக்கவிடும் புறா வரவில்லை. சில நாட்களுக்குப் பின் நகரத்தாரின் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. இடுப்பில் பொற்காசுகளும் கடிதங்களும் அப்படியே இருந்தன. உயிரோடிருந்தபோது அமானிதத்தைச் சேர்த்தவர், இறந்த பின்னும் அதனைச் சேர்த்துவிட்டார் என்று இப்னு ஷத்தாத் வியந்து எழுதுகிறார். இந்த ஈஸாவைத்தான் படம் தொலைத்துவிட்டது.

திரைப்படம் வரலாற்று நூலன்று. இரண்டு மூன்று மணி நேரத்தில் பல ஆண்டுகளைச் சொல்ல வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஏட்டில் இல்லாத உரையாடலை எழுதாமல் காட்சி அமைக்க இயலாது. நிகழ்ச்சிகளைச் சுருக்குவதும் தவிர்க்க முடியாதது. இவை இடைவெளியை நிரப்புவன. ஆனால் ஏட்டில் தெளிவாக உள்ளதை அழித்து, அதன் இடத்தில் வேறொன்றை எழுதுவது அவ்வகையைச் சார்ந்ததன்று. மேலே கண்ட பெரும்பாலான மாற்றங்கள் இந்த இரண்டாம் வகையின.

புகழ்ச்சிக்காகச் செய்யப்படும் மாற்றத்தை நம் மார்க்க அறிஞர்கள் என்றுமே அனுமதித்ததில்லை. மக்களுக்கு நன்மையில் ஆர்வமூட்டுவதற்காகவே குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்புகள் பற்றி ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்கள் உண்டு. நல்லெண்ணம் இருந்தது என்பதற்காக ஹதீஸ்கலை அறிஞர்கள் அவற்றை ஏற்கவில்லை. பொய்யென்றே பதிவு செய்தனர். வரலாற்று நூல்களிலும் இந்நேர்மையைக் காணலாம். சுல்தானைப் போற்றும் இப்னுல் அஸீரே, தோற்றவர்கள் ஸூர் நகரில் ஒன்றுதிரள விட்டது சுல்தானின் தவறு என்று குறை கூறத் தயங்கவில்லை.

ஆகவே வரலாற்றுப் படம் ஒன்றைப் பிள்ளைகளோ மாணவர்களோ பார்த்து வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். இந்நிகழ்ச்சியை அக்காலத்தவர் யாரேனும் எழுதியுள்ளனரா? எதிர்த் தரப்பினர் இதைப் பற்றி என்ன எழுதினர்? படம் எடுக்கப்பட்ட நாட்டுக்கும் ஆண்டுக்கும் இக்கதையால் என்ன தேவை? படம் நம்மை இகழும்போது மட்டுமன்றி, புகழும்போதும் இக்கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்னு ஷத்தாதும் இப்னுல் அஸீரும் நமக்கு விட்டுச் சென்றதும் ஓர் அமானிதமே. அதனைக் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமை.