டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் பில்

பக்கவாதம் வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பணத்துக்காக அவ்வளவாகப் பதற வேண்டியதில்லை. பாலிசி இருக்கும். 70 வயது ஆனவர் என்றால், வருமானம் எவ்வளவானாலும், 2024 அக்டோபரிலிருந்து ஆயுஷ்மான் பாரத்தில் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. கணக்கு உதைப்பது அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான்.

புரட்டிப் படுக்க வைக்க ஆள், டயாப்பர், மூக்குக்குழாயில் ஊற்றும் கஞ்சி, பிசியோதெரபி. டிஸ்சார்ஜுக்குப் பின் 60 அல்லது 90 நாள் மருந்துச் செலவு தரும் பாலிசிகள்கூட, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. நாளுக்கு 800 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 24,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சத்தொகை 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்கு 20,500 வரும். ஆள் கூலிக்கே 3,500 துண்டு விழுகிறது! பிசியோதெரபிக்கு மட்டும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கே வருவார்கள்.

மிச்சத்துக்கு வீடுதான் கதி. ரிவர்ஸ் மார்ட்கேஜில் 60 வயதானவர் வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, அங்கேயே குடியிருந்தபடி மாதாமாதம் பணம் வாங்கலாம். அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் கடனை அடைத்து மீட்டுக்கொள்ளலாம். 2007-லேயே வந்த திட்டம், நம்மிடம் எடுபடவில்லை. ‘சொத்தை பேங்குக்கு எழுதிட்டாராம்’ என்ற பேச்சுக்கு யார் பதில் சொல்வது?

அதற்குப் பதில் அவசரமாக மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். எழுதுங்கள், ஆனால் ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். அது இருந்து, பராமரிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த வரிக்கு மகன் முகம் சுளித்தால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதே சட்டப்படி பிள்ளைகளிடம் பெறக்கூடிய பராமரிப்புத் தொகையின் உச்சம் மாதம் 10,000தான். ஆள் கூலியில் பாதிகூட இல்லை.

இன்னொன்று, செலவே இல்லாதது. அப்பா பெயரில் மட்டும் டெபாசிட் இருந்து அவருக்கு நினைவு தப்பிவிட்டால், அந்தப் பணத்தை எடுக்கக் கோர்ட் வரை போக நேரலாம். அவர் உயிரோடு இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். ஆனால் அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.