மதுரைக்கு ஏற்ற ரயில் எது?



கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரக் கடைக்காரர்கள் பலருக்கும் மதுரை கீழமாசி வீதிதான் கொள்முதல் வாசல். டி.கல்லுப்பட்டி தாண்டித் திருமங்கலம் வரை சிரமமில்லை. அதன்பின் ஊருக்குள் நுழைவதற்குள் பாதிப்பொழுது போய்விடுகிறது.

அந்தத் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் விடத் தமிழக அரசு திட்டம் தீட்டியது. மதிப்பீடு 11,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது முக்கியக் காரணம். 2011 கணக்கெடுப்பில் மதுரையும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து 15 லட்சத்தை எட்டவில்லை. ஆக்ரா, போபாலுக்குக் கொடுத்தது மதுரைக்கு ஏன் இல்லை என்பது மாநில அரசின் கேள்வி.

பத்து மூட்டைக்கு நாம் லாரி பிடிப்பதில்லை. நூறு மூட்டையை ஆட்டோவில் ஏற்றுவதுமில்லை. ரயிலுக்கும் அதே கணக்குத்தான். நெரிசல் நேரத்தில், ஒரு திசையில், மணிக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதே அளவுகோல்.

மெட்ரோ: சென்னையில் 2015 ஜூனில் ஓடத் தொடங்கியது. நான்கு பெட்டியில் 1,200 பேருக்கு மேல் ஏறலாம். தூண் மேலோ சுரங்கத்திலோ தனிப்பாதை வேண்டும். செலவு மிக அதிகம். சுரங்கமானால் இன்னும் கூடும்.

மெட்ரோலைட்: 2019இல் மத்திய அரசு இதற்கு விதிமுறை வகுத்தது. மணிக்கு 15,000 பேர் வரை போகலாம். மெட்ரோவைவிடச் செலவு வெகு குறைவு. சாலையோடு தரையிலேயே ஓடலாம். ஆனால் மாசி வீதிகளில் அதற்குத் தனித்தடம் விட இடம் ஏது?

மெட்ரோ நியோ: 2020இல் வந்த ஏற்பாடு. ரப்பர் டயரில், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும், தண்டவாளமே கிடையாது. மணிக்கு 8,000 பேர் வரை.

இருக்கும் ரயில் பாதை: திருமங்கலம் – மதுரை இடையே மின்மயமான இரட்டைப் பாதை தயாராக இருக்கிறது. காலை மாலை சிறு தூர ரயில்கள் கூடுதலாக விட்டால் செலவு குறைவு. கோரிப்பாளையம், ஒத்தக்கடைக்கு அது போகாது என்பதுதான் குறை. சென்னைப் பறக்கும் ரயில் 1995இல் தொடங்கியது. பேருந்து இணைப்பு சரியாக அமையாததால் பல ஆண்டுகள் கூட்டமில்லாமலே ஓடியது. அந்தப் பாடம் இங்கும் பொருந்தும்.

எது வந்தாலும் அதில் மூட்டை ஏறப்போவதில்லை. ஆனால் பயணிகள் ரயிலுக்குப் போனால் சாலை இளகும். நம் சரக்கு வண்டி நேரத்தோடு வரும். அதுவே நமக்கு லாபம். வேலை நடக்கும் காலம்தான் பயம். சென்னை அண்ணா சாலையில் சுரங்கம் தோண்டிய ஆண்டுகளில் கடைகளுக்கு வந்துபோவதே சிரமமாயிற்று.

ஆகவே சங்கங்கள் ஒன்றுகூடி மூன்று கோரிக்கை வைக்கலாம். முதலில், திருமங்கலம் – மதுரை சிறு தூர ரயில்களைக் கூட்டிப் பேருந்தோடு இணைக்க வேண்டும். அடுத்து, பயணிகளை இன்றைய நிலவரப்படி எண்ணி, அந்தக் கணக்கை வைத்தே மெட்ரோவா, மெட்ரோலைட்டா என முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, மாசி வீதிப் பக்கம் தோண்டுமுன் சரக்கு ஏற்றி இறக்க இடமும் நேரமும் எழுத்தில் தர வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும். ஆனால் விரலை இன்றைய தேதியில் அளக்க வேண்டும்.